வேதாரண்யத்தில் கம்பம் நட்டவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார்களே, தம்பிமார்களே,

கஜா புயலுக்குப் பிறகு வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் எங்கள் பக்கம் வந்து மின்கம்பம் நட்ட தொழிலாளர்கள் நீங்கள். உங்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. அதனால்தான் எல்லாருக்குமாக இந்த மடல்.

எங்கள் ஊர் இருக்கிற இடம் அப்படி. வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் கடற்கரை, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்த முனைக்குப் பக்கத்தில்தான் வேதாரண்யம். ஐப்பசி, கார்த்திகை அடைமழை பொய்த்தால் எங்களுக்குப் பிழைப்பில்லை. புயல் வருவதும் அதே மாதங்களில்தான். 1952, 1955 புயல்களைப் பெரியவர்கள் வயதுக் கணக்குக்கே வைத்திருந்தார்கள். "புயலுக்கு முந்தின வருஷம் பொறந்தவன்" என்பார்கள்.

2018 நவம்பர் 16 விடிவதற்கு முன்பே, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியது. காற்று மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டியது. முன்கூட்டியே முகாமுக்குப் போனதால் உயிர் தப்பியவர்கள் ஏராளம். ஆனால் விடிந்து பார்த்தால் தென்னையும் மாவும் வேரோடு கிடந்தன. புஷ்பவனம் பக்கம் கடல் சேற்றை வாரிக் கொட்டியிருந்தது. டெல்டா முழுக்க மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்திருந்தன.

கரண்ட் இல்லையென்றால் வெளிச்சம் இல்லை என்றுதான் வெளியூரில் நினைப்பார்கள். எங்களுக்குத் தண்ணீரே இல்லை. மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்ற மோட்டார் ஓட வேண்டுமே! ஜெனரேட்டர் வருகிற அன்றைக்குத்தான் குடம் நிறையும்.

அந்த நேரத்தில் வந்தீர்கள். வயலுக்குள் லாரி இறங்காது. சிமெண்ட் கம்பத்தைக் கயிற்றில் கட்டி, குறுக்கே கழி கொடுத்து, ஆளுக்கொரு தோளாகத் தூக்கினீர்கள். முழங்கால் சேற்றில் ஒருவர் கால் வழுக்கினால் அத்தனை பேரும் விழ வேண்டியதுதான். குழி தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. ஒருவர் வாளியால் இறைக்க, இன்னொருவர் கடப்பாரையை இறக்கினார். மழை விட்டபாடில்லை. கேரளத்துக்காரர்களை நினைத்தால் இன்னும் நெஞ்சு கனக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் அவர்கள் நாடு வெள்ளத்தில் மூழ்கியிருந்தது.

எங்கள் தெருவில் வயதான அம்மா ஒருவர், "எப்பப்பா கரண்டு வரும்?" என்று கேட்டார். கம்பத்தின் மேலே இருந்தவர் கொங்குப் பேச்சில் சொன்னார்: "மொதல்ல தண்ணித் தொட்டி லைனக் குடுத்தர்றமுங்க. ஊட்டு லைனு அப்பறமுங்க." யாருக்கு எது முதலில் வேண்டும் என்று நாங்கள் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்போது நட்ட தென்னங்கன்றுகள் இப்போது மரமாகிவிட்டன. குடும்பத்தோடு ஒருமுறை வாருங்கள். இளநீர் எங்கள் பொறுப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே மறுபடியும் புயல் வரும், நீங்களும் வருவீர்கள். மின்வாரிய வேலையில் இருப்பவர்களில் பலர் இன்னும் ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான். கம்பத்தில் ஏறுகிறவருக்கு நிரந்தர வேலையும், தரமான கையுறையும், இரவில் படுக்க ஈரமில்லாத இடமும் கிடைக்க வேண்டும். உங்களுக்காக இதைக் கேட்கிற உரிமை எங்களுக்கு உண்டு என்று நம்புகிறேன். கேட்டுக்கொண்டே இருப்போம்.

நன்றியுடன்,
வேதாரண்யத்துக்காரன்