கல் கொட்டுவதற்கு முன்



ஹ்விடோவ்ரே துறைமுகப் பக்கம் மாலையில் நடப்பவர்களுக்குத் தெரியும்: இங்கே கடல் சத்தமிடுவதில்லை. ஆழமற்ற நீர், எதிரே அமாகர் தீவு. அலை கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். பருத்தித்துறையில் வளர்ந்தவர்கள் இதைக் கடல் என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். கோடையில் நம் பிள்ளைகள் விளையாடும் கோயே விரிகுடாவின் மணற்கரையும் இயற்கை தந்ததன்று. மனிதர் மணல் கொட்டி அமைத்து 1980-இல் திறந்த கரை. ஆகவே, அலை ஒரு கரையை என்ன செய்யும் என்பதை இங்கே இருந்துகொண்டு எளிதில் மறந்துவிடுகிறோம். நானும் மறந்திருந்தேன்.

அண்மையில் நம்மவர் சிலர் ஒரு வேண்டுகோளுடன் வந்தனர். தாயகத்தில் அவர்களது ஊர்க் கோவிலின் சேமக்காலை மதிலைக் கடல் அரித்துவிட்டது. கரையில் கல்லணை போடப் பணம் திரட்ட வேண்டும் என்றனர். பெற்றோரின் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. நான் உடனே சம்மதித்தேன், மறுநாள் தயங்கினேன். அந்தத் தயக்கத்தின் காரணத்தை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

யூட்லாந்தின் வடமேற்குக் கரையில், லொன்ஸ்ட்ருப் கிராமத்தின் அருகே மோருப் என்னும் கோவில் இருந்தது. 1250-ஆம் ஆண்டளவில், கடலுக்கு வெகு தொலைவில் கட்டப்பட்டது. 1808-இல் கிரெசென்ட் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் அக்கரைக்கு அப்பால் உடைந்தபோது, இறந்த இருநூறுக்கும் மேற்பட்டோரை அதன் சேமக்காலையில் அடக்கம் செய்தனர். பின்னர் அந்தச் சேமக்காலையை நோக்கியே கடல் வந்தது. சரிந்த மண்ணோடு எலும்புகளும் கீழே விழுந்தன. 2008-இல் கோவிலைக் கழற்றத் தொடங்கினர். இன்று அங்கே சுவர் ஒன்றும் இல்லை. கிராமத்தின் முன் கல் போட்டுக் காத்தவர்கள், கோவிலின் கீழே போடவில்லை. இயற்கையின் போக்கில் விடுவதென்று முடிவு செய்தனர். முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு அது நெஞ்சிரக்கமற்ற செயலாகவே பட்டது.

அந்தக் குன்று பாறையன்று. பனிக்காலத்துப் பனிப்பாளங்கள் விட்டுச் சென்ற களியும் மணலும்தான். மழைநீர் மேலிருந்து ஊறி அதைத் தளர்த்துகிறது. புயல் அலை கீழே அடியைக் குடைகிறது. தாங்க ஆளில்லாத மேற்பகுதி சரிகிறது. சரிந்த மண்ணை அடுத்த புயல் எடுத்துச் செல்ல, அடி மறுபடியும் வெறுமையாகிறது. இப்படிச் சராசரியாக ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் போகிறது. பக்கத்திலுள்ள ரூபியேர் குனூட வெளிச்சவீட்டை 2019 ஒக்டோபரில் தண்டவாளத்தில் ஏற்றி 70 மீட்டர் உள்ளே நகர்த்தியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

எடுத்த மண் எங்கே போகிறது? மெல்லிய களி ஆழ்கடலுக்குப் போய்விடும். மணல் போவதில்லை. அலை கரைக்குச் சாய்வாக வருவதால் மணலைச் சாய்வாக மேலே தள்ளுகிறது. திரும்பும் நீரோ நேராகக் கீழே இழுக்கிறது. வந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி இறங்கிய மணல் அடுத்த அலையில் இன்னொரு சாண் நகர்கிறது. இப்படியே வடகிழக்காகப் போகும் மணலில் ஒரு பங்கு ஸ்கேகன் முனையில் படிகிறது. நாம் யாத்திரை போனபோது இரு கடல்களிலும் கால் வைத்துப் படம் எடுத்தோமே, அந்த முனை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதாவது, மோருப் போன்ற கரைகள் இழந்த மணலின் மேல்தான் நாம் நின்றோம். (நாமும் அந்த மணல் போலத்தான் என்று மறையுரை வைப்பது எளிது. வைக்கமாட்டேன். மணலை எவரும் துரத்தவில்லை.)

மணல் மிகுந்தாலும் துன்பமே. ஸ்கேகனின் புனித லோறன்ஸ் கோவிலைக் காற்று மணலால் மூடியது, மக்கள் வாசலைத் தோண்டி உள்ளே போய் வழிபட்டனர், 1795-இல் கைவிட்டனர். கோபுரம் மட்டும் நிற்கிறது. நம் மணற்காட்டில் மணலுக்குள் கிடக்கும் பழைய அந்தோனியார் கோவிலை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது கல்லுக்கு வருகிறேன். ஓடும் மணலுக்குக் குறுக்கே கல் நின்றால் ஒருபுறம் மணல் சேரும், மறுபுறம் வராது. அலை மட்டும் வழக்கம்போல வந்து, இருக்கிற மணலை எடுத்துப் போகும். 1870களில் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தேய்ந்தது. புதுச்சேரியில் 1980களில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் நகரின் மணற்கரை மறைந்தது. நகரைக் காக்கக் கல் கொட்டினர். அரிப்பு வடக்கே அடுத்த குப்பத்துக்குப் போனது. அங்கேயும் கல் கொட்ட, அதற்கடுத்த ஊருக்குப் போனது. பொம்மையார்பாளையத்தின் மீனவர் வீடுகளைக் கடல் கொண்டது இந்த வரிசையில்தான். கரைக்கு இணையாகப் போடும் அணையும் குற்றமற்றதன்று: பின்னாலுள்ள மண்ணைக் காக்கும், முன்னாலுள்ள மணலை இழக்கும், அண்டை ஊருக்குப் போக வேண்டிய மணலைப் பூட்டி வைக்கும்.

நம்மவர் கேட்ட கல்லணைக்கு அப்பால் இன்னொரு ஊர் இருக்கிறது. அங்கே இன்னும் கரைவலை இழுக்கிறார்கள். மணல் இல்லாத கரையில் கரைவலை இழுக்க முடியாது.

சேமக்காலையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. என் தாயின் கல்லறை அங்கே இருந்தால் நானே கல் சுமந்திருப்பேன். ஆனால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியின்றி ஒரு கல்லும் போடக்கூடாது. மணல் எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை அறிந்தவர் வந்து பார்க்க வேண்டும். டென்மார்க்கின் மேற்குக் கரையில் செய்வதுபோல மணலையே கொண்டுவந்து இடலாமா, அடும்பையும் இராவணன் மீசையையும் வளரவிட்டு மணலைப் பிடித்து வைக்கலாமா, இயலாவிடில் கல்லறைகளை உள்ளே மாற்றலாமா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியை எழுதும்போது கை கூசுகிறது.

நேற்று அண்டை ஊரின் கரைவலைச் சம்மாட்டி ஒருவருடன் தொலைபேசியில் பேசினேன். கோபப்படுவார் என்று எண்ணினேன். “எங்கட ஆக்களும் அந்தச் சேமக்காலையிலதான் கிடக்கினம், சுவாமி. கல்லு எவ்வளவு நீளம் போடப் போறியள்?” என்று மட்டும் கேட்டார். விடை என்னிடம் இல்லை.

ஞாயிறு திருப்பலிக்குப் பின் மண்டபத்தில் கூடுவோம். பணம் கொண்டுவர வேண்டாம். அந்த இரண்டு ஊர்களையும் அறிந்த முதியவர்களை அழைத்து வாருங்கள். பழைய கரை தெரியும் புகைப்படம் இருந்தால் அதையும்.