யார் கையில் பந்து?

றொசல்ல ரயில் நிலையத்துக்கு மேலேயுள்ள லயமொன்றில் பிறந்தவனுக்கு அமெரிக்க உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுத என்ன உரிமை இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த ஆட்டத்தை மைதானத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் பந்தை யார் கையில் கொடுக்கலாம், யார் கையில் கொடுக்கலாகாது என்று அந்த நாட்டில் நெடுங்காலம் ஒரு வழக்கு நடந்தது. அதே வழக்கு எங்கள் மலைகளிலும் நடக்கிறது. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

முட்டை வடிவான பந்தை நான் முதன்முதலில் கண்டது தரவளையில். 1960களின் நடுப்பகுதி அது. என் தகப்பனார் பங்களாத் தோட்டக்காரர். துரைமார் றக்பி ஆடும் நாட்களில் சாமான் தூக்க அவரையும் அழைத்துப் போவார்கள். சில நாட்களில் நானும் ஒட்டிக்கொள்வேன். மேட்டில் குந்தியிருந்து பார்ப்போம். இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் முட்டிச் சேற்றில் தள்ளுவார்கள். அந்தக் குவியலிலிருந்து வெளிப்படும் பந்து பின்னால் நிற்கும் ஒருவரிடம் போய்ச் சேரும். அவர் தள்ளுகிறவரல்லர். ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார். உதைப்பதா, ஓடுவதா, பக்கத்தவருக்கு வீசுவதா என்று அவர் தீர்மானித்ததும் மற்றவர்கள் எல்லாரும் அதன்படி ஓடுவார்கள்.

“அவரு மட்டும் ஏம்ப்பா தள்ளல?” என்று கேட்டேன்.

“அவரு யோசிக்கிறவருடா.”

“நம்மாளுங்க யாரும் ஆடலியா?”

தகப்பனார் மைதானத்தைச் சுட்டிக் காட்டினார். “அந்த வெள்ளைக் கோடெல்லாம் யாரு போட்டதுன்னு நெனைக்கிற?”

காலையில் சுண்ணாம்பு வாளியோடு வந்து கோடு போட்டவர்கள் எங்கள் ஆட்கள். தகப்பனார் அதைச் சொன்ன தொனியில் பெருமையும் இருந்தது, கசப்பும் இருந்தது.

அமெரிக்க உதைபந்தாட்டம் இந்த றக்பியின் வழிவந்த ஆட்டம். அணிக்குப் பதினொருவர். ஒவ்வொரு தடவையும் பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக் என்பவரின் கைக்கு. எதிரணி எப்படி நிற்கிறது என்பதைப் படித்து, யாருக்கு வீசுவது, யாரிடம் கொடுத்து ஓடவிடுவது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவு செய்பவர் அவர். வெற்றி தோல்வி அவர் பெயரில்தான் எழுதப்படும். சம்பளமும் பெரும்பாலும் அவருக்குத்தான் அதிகம்.

இந்த இடத்தைத்தான் வெள்ளையர் கறுப்பருக்குக் கொடுக்க மறுத்தார்கள். 1934 முதல் 1945 வரை அந்த லீக்கில் கறுப்பர் எவருமே இல்லை. 1946இல் கதவு திறந்தபின்னும், ஓடுவதற்கும் முட்டுவதற்கும் பந்தைப் பிடிப்பதற்கும் மட்டுமே அவர்கள் வேண்டப்பட்டார்கள். கால் உண்டு, தோள் உண்டு, ஆனால் ஆட்டத்தை நடத்தும் மூளை இல்லை என்பதே எழுதப்படாத தீர்ப்பு. லோய், மக்எல்வோக் என்ற இரு ஆய்வாளர்கள் 1970இல் இதை எண்ணிக் காட்டினார்கள்: அணியின் நடுவிலுள்ள இடங்களில் வெள்ளையர் குவிந்திருந்தார்கள், கறுப்பர் ஓரங்களில் நின்றார்கள்.

மார்லின் பிரிஸ்கோவின் கதையைக் கேளுங்கள். கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடிய அவரை 1968இல் டென்வர் அணி தடுப்பாட்டத்துக்கென்றே தேர்ந்தெடுத்தது. குவார்ட்டர்பேக் இடத்துக்கு ஒரு சோதனை ஆட்டம் தந்தால்தான் கையொப்பமிடுவேன் என்றார் அவர். முதல் ஆட்டக்காரர் காயமுற்றபோது வாய்ப்பு வந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 6ஆம் திகதி, நவீன காலத்தில் அந்த இடத்தில் ஆட்டத்தைத் தொடங்கிய முதற் கறுப்பரானார். அந்தப் பருவத்தில் அவர் வீசிய பந்துகளால் அணிக்கு 14 டச்டவுன்கள் கிடைத்தன. மறு ஆண்டு அவருக்கு அங்கே இடமில்லை. வேறு அணிக்குப் போய், பிறர் வீசும் பந்தைப் பிடிப்பவராகவே ஆடி ஓய்ந்தார்.

வாரன் மூன் வேறு வழியில் போனார். தம் பல்கலைக்கழக அணிக்கு 1978 ஜனவரியில் ரோஸ் போல் வெற்றியைத் தேடித்தந்தவர் அவர். ஆயினும் அவ்வாண்டு எந்தத் தொழில்முறை அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. இடத்தை மாற்றிக்கொள் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. கனடாவுக்குப் போனார். அங்கே அவருடைய அணி ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வெற்றிக் கிண்ணத்தை வென்றது. 1984இல் சொந்த நாடு அவரைக் குவார்ட்டர்பேக்காகவே திருப்பி அழைத்தது.

1988 ஜனவரி 31ஆம் திகதி சுப்பர் போல் இறுதியாட்டத்தில் வாஷிங்டன் அணியின் பந்து டக் வில்லியம்ஸ் என்ற கறுப்பரின் கையில் இருந்தது. முதற் கால்பகுதியில் அணி 10 புள்ளிகள் பின்தங்கியது. அவருடைய முழங்காலிலும் அடிபட்டது. இரண்டாம் கால்பகுதியில் நான்கு டச்டவுன்களுக்குப் பந்து வீசினார். ஆட்டம் 42–10 என்று முடிந்தது. 2023 பெப்ரவரியில் நடந்த இறுதியாட்டத்தில் இரு அணிகளின் குவார்ட்டர்பேக்குகளும் கறுப்பர். அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. பிரிஸ்கோவின் முதல் ஆட்டத்துக்கும் அதற்குமிடையே ஐம்பத்து நான்கு ஆண்டுகள் போயின.

இனி எங்கள் மலைக்கு வருவோம். அமெரிக்கக் கறுப்பரின் முன்னோர் அடிமைகளாக விற்கப்பட்டவர்கள். எங்கள் முன்னோர் விற்கப்படவில்லை. 1921இல் ஒழிக்கப்படும்வரை ‘துண்டு’ என்ற கடன்சீட்டு அவர்களைக் கட்டி வைத்திருந்தது. இரண்டு துன்பங்களையும் ஒன்றென்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் பருத்திக் காட்டிலும் தேயிலைக் காட்டிலும் ஒரே பிரிவினைதான் இருந்தது. யோசிப்பவர் ஒருவர், கையும் காலும் ஆயிரம் பேருடையவை. எந்த மலையில் யாருக்கு என்ன வேலை என்று துரை தீர்மானிப்பார், கணக்கப்பிள்ளை எழுதுவார், கங்காணி சத்தம் போடுவார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் பெயர் செக்றோலில் இருந்தது. வாக்காளர் இடாப்பில் இல்லாமற் போயிற்று. 1964இல் இரு பிரதமர்கள் எங்களைப் பங்கிட்டார்கள்: இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர். பங்கிடப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது.

கொழுந்து பறிப்பவள் யோசிப்பதில்லை என்று சொன்னவர் யார்? எந்தக் கொழுந்தை எடுப்பது, எதை அடுத்த சுற்றுக்கு விடுவது, எது வங்கி என்று ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை என் தாயார் தீர்மானித்தார். அந்தத் தீர்மானங்கள் பிழைத்தால் ஸ்டோரில் தேயிலையின் தரம் கெட்டுவிடும். அது யோசனையென்று எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை. நிறை குறைந்த நாட்களில் அவருக்கு அரைப்பேர் போட்டார்கள். அது மட்டும் எழுதப்பட்டது.

என் தங்கையின் மகன் விவசாயப் பட்டதாரி. சென்ற ஆண்டு ஒரு தோட்டக் கம்பனியின் நேர்முகப் பரீட்சைக்குப் போனான். கேட்டது சின்னத்துரை வேலை. எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார்கள். றக்பி ஆடியதுண்டா என்றார்கள். கரப்பந்தாட்டத்தில் செட்டராக ஆடினேன், மற்றவர்கள் அடிப்பதற்குப் பந்தை எழுப்பிக் கொடுப்பவன் நான்தான் என்றான். அந்த விளக்கத்தில் எவருக்கும் அக்கறை இல்லை. முடிவில், “நீர் இந்த மலைகளையும் ஆட்களையும் நன்றாக அறிந்தவர், கண்டக்டர் வேலைதான் உமக்குப் பொருத்தம்” என்றார்களாம்.

பாராட்டைப் போலத்தான் இருக்கிறது. நீ நன்றாக ஓடுகிறாய், ஆகவே ஓடிக்கொண்டே இரு என்று பிரிஸ்கோவிடம் சொன்னதும் பாராட்டுத்தான். எங்கள் பிள்ளைகளில் சின்னத்துரையாக வந்தவர்கள் இல்லாமலில்லை. ஆனால் ஒருவர் வந்தால் மலையெங்கும் அவர் பெயரைச் சொல்லிப் பேசுகிறோம். அப்படிப் பேச வேண்டியிருப்பதே குறையைக் காட்டவில்லையா?

அன்றிரவு இஸ்தோப்பில் உட்கார்ந்து, “என்னா மாமா செய்யலாம்? எடுத்துக்கிறதா, விட்டுட்டு வெளிநாடு போறதா?” என்று கேட்டான். முப்பது ஆண்டு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியனாக இருந்தவன் நான். பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் விடை சொன்னவன். அவனுக்கு விடை சொல்லவில்லை. பிரிஸ்கோவின் கதையையும் மூனின் கதையையும் சொன்னேன். தங்கை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “கண்டக்டரு வேலைன்னாலும் மாசாமாசம் சம்பளம் வருமே அண்ணே” என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை. அவளுடைய கடன்சீட்டுகளை நான் அறிவேன்.

மறுநாள் அவனே ஒரு கடிதம் எழுதினான். கண்டக்டர் வேலையை ஏற்கிறேன். ஆனால் ஓராண்டுக்குப் பின் சின்னத்துரை வேலைக்கு எனக்கொரு பரீட்சை வைப்பதாக எழுத்தில் உறுதி தரவேண்டும் என்று கேட்டிருந்தான். நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்துக் கொடுத்தேன். பிழை ஒன்றும் இல்லை.

பதில் இன்னும் வரவில்லை. பிரிஸ்கோ பெற்றது ஒரு சோதனை ஆட்டம். அதற்குமேல் அவருக்கு ஒரு பருவம் கிடைத்தது, அவ்வளவே. ஆனால் அந்த ஒரு பருவத்தில் அவர் வீசிய 14 பந்துகளையும் எவராலும் அழிக்க முடியவில்லை. பின்னால் வந்தவர்களிடம், உங்களால் முடியாது என்று சொன்னவர்களுக்கு நா கூசியது. எங்கள் பிள்ளைகள் கேட்பதும் அந்தப் பரீட்சையைத்தான். அதை எழுத்தில் கேட்போம். ஒருவன் மட்டும் கேட்டால் போதாது, எல்லாருமாகக் கேட்போம்.