பச்சைக் கோடு

எழுத்தாளன் என்றால் நிறங்களைப் பற்றி எல்லாம் அறிந்தவன் என்று நம் ஜனங்களிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தவறு. அந்தி வானத்துக்குச் செந்தூரம், கதாநாயகியின் கன்னத்துக்கு மாம்பழம், வில்லனின் முகத்துக்குக் கரி என்று நாலைந்து டப்பாக்களை வைத்துக்கொண்டே இருபது வருஷமாக நான் தொழில் நடத்தி வந்திருக்கிறேன். ஒரு பயலும் கேள்வி கேட்டதில்லை. கேட்டது ஒரு கல். அதுவும் கைக்குட்டையில் முடிந்து, மொரப்பூரில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, மாதவரத்துக்கு என் வீடு தேடி வந்து கேட்டது.

கொண்டுவந்தவர் என் பெரியப்பா பிள்ளை. அரூர்ப் பக்கத்தில் இருக்கிறார். மரவள்ளிக் கிழங்கும் கொஞ்சம் கரும்பும் போட்டு, மழை பெய்தால் சிரித்து, பெய்யாவிட்டால் கடன் வாங்கிக் காலம் தள்ளுகிறவர். அண்ணா வந்து உட்கார்ந்ததும் காப்பியைக்கூடத் தொடவில்லை. கைக்குட்டையை அவிழ்த்தார். உள்ளே இரண்டு கற்கள். ஒன்று வெண்கல், அதன் நடுவே மினுமினுவென்று ஏதோ செதில் செதிலாய் ஒட்டியிருந்தது. மற்றது கொஞ்சம் மங்கல். அதிலும் செதில்கள் இருந்தன.

"முதல் கல் தரகர் கொடுத்தது. இரண்டாவது நானே அந்த நிலத்திலே பொறுக்கினது. நீதானே தம்பி விட்டுடாதீங்கன்னு சொன்னே? பரிசோதனைச் சாலைக்கு அனுப்பணுமாம். கூட ஒரு கடிதம் வைக்கணும். கல் என்ன நிறம், எப்படி இருக்கு என்று விவரமாய் எழுதணும். நீ எழுத்தாளன். உன்னைவிட வேறு யார் எழுதுவாங்க?"

'நீதானே சொன்னே' என்ற வார்த்தை என்னைச் சுருக்கென்று தைத்தது. நான் சொன்னது வாஸ்தவம். 2023ஆம் வருஷம் மத்திய அரசாங்கம் முப்பது முக்கியக் கனிமங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் மாலிப்டினம் என்று ஓர் உலோகம் உண்டு. எஃகில் சிறிதளவு சேர்த்தால் போதும், எஃகு சூட்டிலும் தளராது. நமக்கு வேண்டியதை வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறோம். அதன் தாதுவான மாலிப்டினைட் தமிழ்நாட்டில் அரூர் - ஊத்தங்கரைப் பக்கத்தில் இருக்கிறது. இந்திய புவியியல் ஆய்வுத் துறையினர் அங்கே துளையிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இதையெல்லாம் பத்திரிகையில் படித்த புதிதில் அண்ணா டெலிபோனில் பேசினார். பக்கத்து ஊரில் இரண்டு ஏக்கர் கல்லாங்காடு விலைக்கு வருகிறது, தரகர் ஒரு மினுக்குக் கல்லைக் காட்டுகிறார் என்றார். நான் நாவலாசிரியன் அல்லவா? ஒரு வரியைக் கேட்டால் கடைசி அத்தியாயம் வரைக்கும் மனம் ஓடிவிடுகிறது. "விட்டுடாதீங்க அண்ணா!" என்று சொல்லிவிட்டு, என் தொடர்கதையை எழுதப் போய்விட்டேன்.

இப்போது விசாரித்தால், அண்ணியின் இரட்டை வடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போய், ஐம்பதாயிரம் ரூபாய் முன்பணமாய்த் தரகர் கைக்குப் போயிருந்தது. மிச்சப் பணத்துக்கு ஒரு மாதத் தவணை. அதற்கு என்னிடமும் கொஞ்சம் கேட்கலாம் என்றுதான் வந்திருக்கிறார். வாய்விட்டுக் கேட்கவில்லை; கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரிப்பதிலேயே தெரிந்தது.

சரி, கடிதமாவது எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். தரகரின் கல்லை ஜன்னலோரத்தில் வைத்துக்கொண்டு, 'வெள்ளியைப் போன்ற நிறம்' என்று எழுதினேன். பார்த்தால் அது வெள்ளியாக இல்லை. அடித்துவிட்டு, 'காரீயத்தைப் போன்ற' என்று எழுதினேன். கல்லைத் திருப்பினேன், நீலம் ஓடிற்று. 'நீலம் கலந்த ஈய நிறம்' என்றேன். ஒரு லாரி ஜன்னலை மறைத்துக்கொண்டு போயிற்று, கல் கறுத்துவிட்டது. எங்கள் தெருவில் லாரிகளுக்குப் பஞ்சமில்லை. மணலிப் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் காலையில் பெருக்கிய திண்ணை சாயங்காலம் கரியாகிவிடும். அந்த வெளிச்சத்தில் ஒரு மினுக்குக் கல்லின் நிறத்தைச் சொல்வதென்றால், கூட்டத்தில் ஓடுகிற குழந்தைக்குச் சட்டை அளவு எடுப்பது மாதிரிதான். ஏழு காகிதம் கசக்கிப் போட்டேன். அண்ணா ஒவ்வொரு காகிதத்தையும் மரியாதையுடன் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய எழுத்தாளர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்று நினைத்திருப்பார்.

என் மனைவிதான் வழி சொன்னாள். "எதிர் வீட்டுப் பெரியவரைக் கேளுங்களேன். இரும்பு, உலோகம் என்றுதானே ஆயுசு முழுக்க இருந்தார்?"

பெரியவர் திருவொற்றியூர்ப் பக்கத்தில் ஒரு வார்ப்படச் சாலையின் சோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூப்பிட்டதும் வந்துவிட்டார். நான் கசக்கிய காகிதங்களில் ஒன்றைப் பிரித்துப் படித்தார்.

"சார், மினுக்குகிற கல்லின் மேலே பார்ப்பது அதன் நிறமில்லை. பாதி நம்ம வீட்டு ஜன்னலின் நிறம். கல் தன் நிறத்தைச் சொல்ல வேண்டுமானால் அதைத் தேய்க்க வேண்டும். பொடியின் நிறம்தான் பொய் சொல்லாது. அம்மா, வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒன்று இருக்குமா?"

என் மனைவி விருந்தாளிக் கோப்பையைக் கொண்டுவந்தாள். அவர் முதலில் என் பென்சிலை வாங்கி, கோப்பையின் வழவழப்பான பக்கத்தில் ஒரு கோடு இழுத்தார். வெறும் சாம்பல் நிறம்.

"இது கிராஃபைட். சிவகங்கையிலே வெட்டுகிறார்களே, இலங்கையிலே தோண்டுகிறார்களே, அது. வெறும் கரி. இதற்கும் மாலிப்டினைட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் உலகமே நெடுங்காலம் திண்டாடியது. இரண்டும் மினுக்கும், இரண்டும் மெதுவாயிருக்கும், தொட்டால் வழுக்கும், காகிதத்தில் எழுதும். இரண்டையும் ஈயம் என்று நினைத்தார்கள். கிரேக்க பாஷையில் ஈயத்துக்கு மாலிப்டாஸ் என்று பெயர். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது."

எனக்குச் சிரிப்பு வந்தது. நாம் மட்டும் என்ன? பென்சில் முனையைப் பென்சில் ஈயம் என்றுதானே பள்ளிக்கூடத்திலே சொன்னோம்? ஒரு தவறான நிறப் பெயர் ஏதென்ஸிலிருந்து மாதவரம் வரைக்கும் நடந்து வந்திருக்கிறது.

முடிச்சை அவிழ்த்தவர் ஷீலே என்கிற ஸ்வீடன் தேசத்து மருந்துக்கடைக்காரர். 1778ஆம் வருஷம் அவர் மாலிப்டினைட்டை நைட்ரிக் அமிலத்தில் போட்டுப் பார்த்தார். வெள்ளைப் பொடி ஒன்று கிடைத்தது. கிராஃபைட்டில் அது கிடைக்கவில்லை. ஆகவே இரண்டும் வேறு என்று கண்டார். அந்தப் பொடிக்குள் ஒரு புது உலோகம் இருக்கிறது என்று தெரிந்தும், அதைப் பிரிக்கத் தக்க உலை அவரிடம் இல்லை. தம் சிநேகிதர் யெல்மிடம் அந்த வேலையைக் கொடுத்தார். யெல்ம் கரியையும் ஆளிவிதை எண்ணெயையும் சேர்த்துக் குழைத்துக் காய்ச்சி 1781இல் உலோகத்தைப் பிரித்தார். அது உருகுவதற்கு 2,600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஷீலேயின் அடுப்பு எம்மாத்திரம்! இதையெல்லாம் பெரியவர் சொல்லிக்கொண்டே போக, அண்ணாவின் கண் மட்டும் கோப்பையை விட்டு அசையவில்லை.

பெரியவர் தரகரின் கல்லை எடுத்தார். செதில் இருந்த இடத்தைக் கோப்பையில் பதித்துத் தேய்த்தார். பென்சில் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு விழுந்தது. நான் குனிந்து பார்த்தேன். முதலில் அதுவும் சாம்பல் நிறமாகத்தான் தோன்றிற்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இந்தக் கோட்டில் பச்சை இருந்தது. இலைப் பச்சை அல்ல, பாசிப் பச்சையும் அல்ல. பழைய பித்தளைக் குத்துவிளக்கின் இடுக்கில் இருக்குமே, அதைச் சாம்பலில் புரட்டி எடுத்த மாதிரி ஒரு பச்சை.

"மாலிப்டினைட்தான்," என்றார் பெரியவர்.

அண்ணா எழுந்தே நின்றுவிட்டார். "தம்பி!" என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அந்த முகத்தை நான் அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. எனக்கும் ஒரு கணம் மனத்திலிருந்து பெரிய பாரம் இறங்கிற்று. என் வாக்கு பலித்துவிட்டதே!

பெரியவர் அவசரப்படவில்லை. "இது தரகர் கொடுத்தது என்றீர்களே, நீங்கள் பொறுக்கினது எங்கே?" என்று கேட்டார்.

அதையும் தேய்த்தார். கோடு விழவில்லை. அழுத்தித் தேய்த்தார். பீங்கான் வெளுப்பாகவே இருந்தது. நகத்தால் ஒரு செதிலைக் கிளப்பினார். அது கண்ணாடித் தாள் மாதிரி பிரிந்து, வளைத்து விட்டதும் மறுபடி நிமிர்ந்து நின்றது. மாலிப்டினைட்டின் செதிலோ வளைத்தால் வளைந்தபடியே கிடந்தது.

"காக்காப்பொன்," என்றார் மெதுவாக.

அறையில் யாரும் பேசவில்லை. தெருவில் ஒரு லாரி பின்னுக்கு வருவதற்குக் கிளீனர் பையன் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"நிலத்திலே எங்கெங்கே பொறுக்கினீங்க, ஐயா?"

"காடு முழுக்க நடந்தேனுங்க. இதுதான் எங்கேயும் கிடந்தது. அவர் காட்டினதைப் போலவே மின்னுதே என்று..." அண்ணா முடிக்கவில்லை.

பெரியவர் நல்லவர். ஆறுதலாக எடுத்துச் சொன்னார். நிலத்தில் நிஜமாகவே தாது இருந்தாலும், அது பெரும்பாலும் வெண்கல்லுக்குள் சிறு செதிலாகச் சிதறிக் கிடக்கும். கூடை கூடையாய்ப் பாறையை உடைத்தால் கொஞ்சம் தேறும். அதுவும் 1957ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டப்படி அரசாங்கத்தின் குத்தகை இல்லாமல் ஒருவரும் வெட்டி எடுக்க முடியாது. ஆகவே இரண்டு ஏக்கர் வாங்கியவர் மறுநாள் பணக்காரர் ஆவது கதையில்தான் நடக்கும். 'கதையில்' என்று சொன்னபோது என்னைப் பார்க்காமல் கோப்பையைப் பார்த்துச் சொன்னார். அந்த நாகரிகத்துக்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அன்று ராத்திரி அண்ணா திண்ணையில் படுத்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தேன். அவரே பேசினார்.

"அந்தக் கல் நிஜம்தானே, தம்பி?"

"நிஜம்தான், அண்ணா."

"அப்போ அந்த ஆள் காட்டினது பொய் இல்லை. வேறே எங்கேயோ இருக்கிற நிஜத்தைக் கொண்டு வந்து இங்கே காட்டிட்டான்."

எனக்குப் பதில் வரவில்லை. தரகரைப் பற்றித்தான் அவர் சொன்னார். ஆனால் நான் டெலிபோனில் செய்ததும் அதேதான். பத்திரிகையில் படித்தது நிஜம், அரூர் நிஜம், பட்டியல் நிஜம். அவற்றைக் கொண்டுபோய் ஒரு கல்லாங்காட்டில் வைத்துவிட்டு, என் தொடர்கதையைப் பார்க்கப் போனேன். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லாமலே விட்டேன். அதற்குப் பதிலாக, "அண்ணியின் சங்கிலியை மீட்கிறதில் பாதி என்னுடையது" என்று மட்டும் சொன்னேன். அண்ணா வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு அன்று கிடைத்த ஒரே நிம்மதி.

முன்பணம் திரும்பி வரவில்லை. சங்கிலி திரும்பி வர ஏழு மாசம் ஆயிற்று. அண்ணி அதைப் பற்றி என்னிடம் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஊருக்குப் புறப்படும்போது அண்ணா காக்காப்பொன் கல்லைத் தம்மோடு எடுத்துக்கொண்டார். "இது நான் பொறுக்கினது" என்றார். மற்றதை என்னிடம் விட்டுப் போனார். அது என் மேஜைமேல் காகிதம் பறக்காமல் இருந்து காவல் காக்கிறது. மூலக்கடைக்குப் போகிற வழியில் ஒரு லாரிப் பட்டறை உண்டு. அங்கே சக்கர அச்சுக்குப் பூசுகிற மாலி கிரீஸில் கலந்திருப்பதும் இதே பொருள்தான் என்று பெரியவர் சொன்னார். அந்தப் பையன்கள் முழங்கை வரைக்கும் அதைப் பூசிக்கொண்டு நிற்கிறார்கள். எத்தனையோ வருஷமாய் அந்த வழியே போகிறேன். கறுப்பு என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன்.

பீங்கான் கோப்பையை என் மனைவி அன்றைக்கே தேய்த்துக் கழுவிவிட்டாள். எப்போதாவது ஒரு பாத்திரத்தின் முகத்தை வர்ணிக்க உட்கார்ந்து, வழக்கமான டப்பாவை நோக்கிக் கை போகும்போது, சமையலறைக்குப் போய் அந்தக் கோப்பையை எடுத்து வந்து ஒரு கோடு இழுத்துப் பார்க்கிறேன். "விருந்தாளிக் கோப்பை அது!" என்று அவள் சத்தம் போடுகிறாள். கடிதம் மட்டும் இன்னும் எழுதி முடியவில்லை.