நிற்கிற லாரியையும் வரைந்து அனுப்பு

அன்புள்ள கயலுக்கு,

சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் பாட்டிக்கு முட்டிவலி மட்டும் குறையவில்லை. வாயும் குறையவில்லை. விடுதிச் சாப்பாட்டில் பிள்ளை இளைத்துப் போயிருப்பாள் என்று தினமும் உன் அப்பாவைப் பிடித்து வைகிறாள். நீயோ போனை எடுப்பதே இல்லை. எடுத்தாலும் "வரைஞ்சிட்டு இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். வரை கண்ணு, வேண்டாமென்று யார் சொன்னது? சாப்பிட்டுவிட்டு வரை.

முன்மாதிரி லாரிகளைப் பற்றி நீ எழுதி அனுப்பிய கட்டுரையையும் உன் லாரிப் படத்தையும் உன் தம்பி அச்செடுத்துக் கொடுத்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும் பட்டறையில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். வெல்டர் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "இதுல ஸ்டெப்னி எங்கே?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே, உனக்கும் சேர்த்துத்தான் சிரித்தேன்.

கட்டுரையில் நீ நாலு வரியில் தாண்டிப் போன ஃபோர்டின் 'பிக் ரெட்' மேல்தான் எனக்கு ஆசை. 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்குக் கொண்டுவந்த வண்டி. 600 குதிரைசக்தி டர்பைன், 13 அடி உயரம், இரண்டு டிரெய்லரும் சேர்த்தால் 96 அடி நீளம். அதெல்லாம் கிடக்கட்டும். கேபினுக்குள்ளேயே கழிவறை! சாப்பாடு சூடுபண்ண அடுப்பு, குளிர்ப்பெட்டி, மாற்று ஓட்டுநர் பார்க்க டிவி. நம் நாட்டில் புது லாரிக் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று ஆனதே 2025-இல்தான். அந்த வண்டியை வரைந்தவர்களில் யாரோ ஒரு புண்ணியவான், ஓட்டுகிறவனுக்கும் வயிறும் மூத்திரமும் உண்டு என்று யோசித்திருக்கிறார். அவருக்கு ஒரு கும்பிடு.

ஆனால் அந்த டர்பைன் இருக்கிறதே, ஒரே வேகத்தில் நாளெல்லாம் ஓடினால்தான் அது ராஜா. அமெரிக்காவில் அப்போது மாநிலம் விட்டு மாநிலம் போகிற அகல நெடுஞ்சாலைகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை நம்பிச் செய்தது. ஊருக்குள் நெரிசலில் சும்மா நின்றாலும் அது எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும். இன்னொரு சங்கதியை நீ எழுதவே இல்லை. சாதாரணமாக இந்த மாதிரி டர்பைனில் சக்கரத்தைச் சுற்றுகிற பாகமும் காற்றை அமுக்குகிற பாகமும் ஒன்றோடொன்று பிணைந்திருக்காது. அதனால் காலை எடுத்தால் டீசல் எஞ்சின் மாதிரி வண்டியை இழுத்துப் பிடிக்காது. தொப்பூர் இறக்கத்தில் எண்ணெய் மிச்சமென்று நியூட்ரலில் விட்டவர்கள் கதை உனக்குத் தெரியும். கிட்டத்தட்ட அதே நிலைமைதான். ஜெனரல் மோட்டார்ஸ்காரர்கள் 1965-இல் டர்போ டைட்டன் 3 செய்தபோது இரண்டு பாகத்தையும் இணைக்க ஒரு ஏற்பாடே வைத்தார்கள் என்றால், அவர்களுக்கும் வயிற்றில் புளி கரைத்திருக்கிறது. 1973-இல் எண்ணெய் விலை எகிறிய பிறகு லாரியில் டர்பைன் வைக்கிற ஆசைக்கு வாழ்வே இல்லை.

பிக் ரெட் வந்த அதே நியூயார்க் கண்காட்சியில் இருந்த 'பைசன்' லாரி உனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது போலிருக்கிறது, ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறாய். அழகுதான். கதவே கிடையாது, கண்ணாடிக் கூண்டு மொத்தமாக முன்னால் தூக்கிக்கொள்ளும். மழையில் ஒரு ரசீது வாங்க இறங்கினால் சீட்டெல்லாம் தண்ணீர்! நல்லவேளை, ஓடுகிற வண்டியாக அதை யாரும் கட்டவே இல்லை.

ஜெர்மனிக்காரர் ஸ்டைன்விண்டர் 1983-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் வைத்த வண்டியைப் பார்த்துத்தான் எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. வண்டியின் மொத்த நீளத்துக்கு அங்கே சட்டத்தில் வரம்பு. கேபின் பிடிக்கிற இடத்தையும் சரக்குக்கே கொடுப்போம் என்று கேபினைப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டார். கணக்கில் கெட்டிக்காரர். ஆனால் ஓட்டுகிறவன் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு வாசலைக் காவல் காக்கிற மாதிரி உட்கார வேண்டும். லாரிக்காரனுக்கு இருக்கிற ஒரே வசதி உயரம். நாலு வண்டி தாண்டி பிரேக் விளக்கு எரிவது அதனால்தான் தெரிகிறது. அதையும் பிடுங்கிவிட்டால்? முன்னால் போகிறவன் சட்டென்று நின்றால் தலைக்கு மேலே டன் கணக்கில் சரக்கு. இத்தனைக்கும் பிறகு ஐரோப்பாவில் சரக்குப் பகுதியின் நீளத்துக்கே தனி வரம்பு வந்தது. கேபினைச் சுருக்கி மிச்சப்படுத்திய இடத்தை வைத்து என்ன செய்ய?

இவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை, கயல். ஓடுகிற லாரியை மட்டுமே வரைந்தார்கள். லாரி தொழில் பாதி நிற்கிற தொழில். லோடு ஏற்ற நிற்கும், டோல்கேட்டில் நிற்கும், பஞ்சராகி நிற்கும், ராத்திரி தூங்க நிற்கும். உன் படத்திலும் லாரி பறக்கிறது, ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

சீட்டை நடுவில் வைத்திருக்கிறாய். 2014-இல் வால்மார்ட் காட்டிய முன்மாதிரி வண்டியிலும் அப்படித்தான், டெஸ்லாவும் அதையே செய்தது. எட்டு வழிச் சாலையில் சரி. நம் இருவழிச் சாலையில் முன்னால் போகிற பஸ்ஸை முந்த வலது ஓரமாக எட்டிப் பார்க்க வேண்டாமா? செக்போஸ்டில் காகிதம் நீட்ட எழுந்து ஜன்னலுக்கு நடக்க வேண்டுமா?

எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. ரெனோக்காரர்கள் எண்பதுகளில் 'விராஜ்' என்று ஒரு மாதிரி வண்டி செய்தார்களே, அதிலிருந்துதான் 1990-இல் மேக்னம் வந்தது. கேபினுக்குள் எஞ்சின் மேடு கிடையாது, சமதளம், எழுந்து நடக்கலாம். ஏறி இறங்குவதுதான் பாடு. ஆனாலும் 2013 வரை செய்து விற்றார்கள். இதற்கு இன்னும் நாலு பக்கம் எழுது, பைசனைக் குறை.

பொங்கல் லீவுக்கு ஒரு நாள் முன்னதாகவே கிளம்பி வா. முட்டை லோடு ஏற்றுகிற இடத்துக்கு உன்னைக் கூட்டிப் போகிறேன், அளவு நாடாவும் நோட்டும் எடுத்துக்கொள். அதற்குள் இதே லாரியை எஞ்சின் ரிப்பேருக்குத் திறந்து வைத்தபடி ஒரு படம், டயர் கழற்றினபடி ஒரு படம் வரைந்து அனுப்பு. வெல்டர் அண்ணன் காத்திருக்கிறார். வாரம் ஒரு முறையாவது எண்ணெய் தேய்த்துக் குளி. அப்பாவுக்கு இன்றைக்கு ராத்திரியே போன் பண்ணு, நான் சொன்னதாகச் சொல்லாதே.

அன்புடன்,
சித்தப்பா