விளக்கைக் குறைத்தோம்

இவ்வாண்டு பள்ளி விடுமுறையில், வீட்டிலுள்ள கடல்நீர்த் தொட்டிக்குப் புதிய எல்.இ.டி. விளக்கு வாங்கினேன். ஒளி மிகுந்தால் பவளம் விரைந்து வளரும் என்றெண்ணி, முதல் நாளே 100 விழுக்காட்டில் எரியவிட்டேன்.

ஐந்தாம் நாள், என் மகன் தன் சேமிப்பில் வாங்கிய ஹேமர் பவளம் சுருங்கி வெளிறிக் கிடந்தது. “இது செத்துவிடுமாப்பா?” என்றான். என்னால் விடை கூற இயலவில்லை.

பவளத்தின் திசுவினுள் வாழும் நுண்பாசிகள், ஒளியால் உணவு சமைத்துப் பவளத்திற்கும் பகிர்கின்றன. ஒளி அளவு மீறினால் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகும். பவளம் அப்பாசிகளை இழந்து வெளிறும். உடனே இறந்துவிடாது, ஆயினும் அந்தப் பட்டினியை நெடுநாள் தாங்காது.

பவளத்தைத் தொட்டியின் அடிப்பகுதிக்கு மாற்றினோம். நீல ஒளியை மிகுதியாகவும் வெள்ளொளியைக் குறைவாகவும் வைத்தோம். விளக்கை 30 விழுக்காட்டிற்குக் குறைத்து, வாரந்தோறும் 5 விழுக்காடு உயர்த்தினோம். எட்டு வாரங்களில் 70 விழுக்காட்டை எட்டியபோது நிறம் திரும்பியிருந்தது. ஒரு கிளை மட்டும் மீளவில்லை.

அந்தக் கிளையைக் காணும்போதெல்லாம் முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி நினைவுக்கு வருகிறாள். வாய் திறந்து பேசாத அவளை, பள்ளி தொடங்கிய முதல் வாரமே சபைகூடலில் மேடையேற்றினேன். நல்லெண்ணத்தோடுதான் செய்தேன். மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! இப்போது அவள் தன் இடத்தில் அமர்ந்தபடியே, எனக்கு மட்டும் கேட்குமாறு ஒரு வரி வாசிக்கிறாள். அடுத்த வாரம் இரண்டு வரிகள்.