தேரைகளோடு ஒரு ஜுகல்பந்தி

ஸ்டீவன் ஃபெல்ட் ஓர் அமெரிக்கர். ஜாஸ் வாசிப்பவர், படித்தது மானுடவியல். 1976-ல் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பப்புவா நியூ கினியின் போசாவி மழைக்காட்டுக்குப் போனார். அங்கே வாழும் காலுலி மக்களின் பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசை.

போனவர் பறவைகளை வகை பிரித்துப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். உதவிக்கு வந்த காலுலிக்காரர் ஒரு கட்டத்தில் பொறுமை இழந்துவிட்டார். உனக்குத்தான் இதெல்லாம் பறவை, எனக்கு இவை காட்டில் கேட்கும் குரல்கள் என்றாராம். ஃபெல்ட் பட்டியலை ஒதுக்கிவிட்டுக் கதை கேட்க ஆரம்பித்தார். ஓடை இறாலை அக்காவிடம் கேட்டுக் கெஞ்சுகிறான் ஒரு சிறுவன். அவள் தரவில்லை. அவன் புறாவாக மாறி அழுதுகொண்டே பறந்து போகிறான். அந்தப் புறாவின் கூவல்தான் காலுலி மக்களின் ஒப்பாரிக்கும் பாட்டுக்கும் அடிப்படை!

இன்னொன்றும் கவனித்தார். அவர்கள் சேர்ந்து பாடும்போது எல்லோரும் ஒரே இடத்தில் எடுத்து ஒரே இடத்தில் முடிப்பதில்லை. ஒரு குரல் கிளம்பும், அது முடிவதற்குள் இன்னொன்று அதன்மேல் ஏறிக்கொள்ளும். காட்டில் அருவியும் பூச்சியும் பறவையும் அப்படித்தானே ஒலிக்கின்றன? (பள்ளிக்கூடத்துச் சேர்ந்திசை வாத்தியார் கேட்டால் பிரம்பை எடுத்திருப்பார்.)

1982-ல் இதெல்லாம் புத்தகமாக வந்தது. வேறு ஆராய்ச்சியாளராக இருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். இவர் புத்தகத்தோடு போசாவிக்கே திரும்பிப் போய், அவர்கள் மொழியில் சொல்லிக் காட்டினார். அவர்கள் சும்மா தலையாட்டவில்லை, இது சரியில்லை, அதை விட்டுவிட்டாய் என்றார்கள். அந்த விமர்சனமும் அடுத்த பதிப்பில் ஏறியது. 1991-ல் வந்த போசாவி இசைத்தட்டின் ராயல்டியும் அந்த மக்களுக்கான நிதிக்கே போனது.

இது எவ்வளவு அபூர்வம் என்று தெரிய ஒரு தாலாட்டின் கதை போதும். சாலமன் தீவுகளில் அஃபுனாக்வா என்ற பெண் பாடியது. ஆராய்ச்சிக்காகப் பதிவு செய்யப்பட்டது, 1992-ல் டீப் ஃபாரஸ்ட் குழுவின் நடனப் பாட்டுக்குள் போய் உலகமெங்கும் ஒலித்தது. பிறகு ஜான் கார்பரெக் அதே மெட்டை வாசித்தபோது, அதற்கு வைத்த பெயரில் ஆப்பிரிக்காவின் பிக்மி மக்களின் தாலாட்டாகிவிட்டது! பாடியவள் எங்கே, பெயர் எங்கே? இந்த வழியைத் தேடிப் பிடித்து எழுதியவர்களில் ஃபெல்ட் முக்கியமானவர்.

பிறகு கானா. அக்ரா நகரத்தில் ஓர் இரவு தேரைகள் கூட்டமாகக் கத்துவதைப் பதிவு செய்து, நி ஓட்டூ அன்னான் என்ற தாளக் கலைஞரிடம் போட்டுக் காட்டினார். போசாவியில் கேட்டுப் பழகிய காதுக்கு அது வெறும் இரைச்சல் இல்லை. அன்னானுக்கும் அப்படித்தான். ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பல தாளங்களை அதில் கேட்டார், தேரைகளோடு சேர்ந்தே வாசித்தார். 2008-ல் அது ‘பூஃபோ வேரியேஷன்ஸ்’ என்ற இசைத்தட்டானது. பூஃபோ என்றால் தேரைதான்.

அதே அக்ராவில் அன்னானும் நி நோய் நார்ட்டேயும் இருந்த ஜாஸ் குழுவில் ஃபெல்டும் வாசித்தார். அவர் மடியில் ஆடம்பரமான வாத்தியம் எதுவும் இல்லை. மரப்பெட்டி ஒன்றில் பேஸ் தட்டி, மற்ற இருவருக்கும் அடியில் ஓடிக்கொண்டிருந்தார்.