பெட்டியும் மூலமும்

இணையப் பக்கமொன்றில் நாம் பார்க்கும் காணொளி அந்தப் பக்கத்திற்குள் இருப்பதில்லை. நிரலெழுதும் நண்பர்கள் இதை மிகச் சாதாரணமாகச் சொல்லிக் கடந்துவிடுவார்கள். இலக்கியம் வாசிக்கிறவனுக்கு அவ்வளவு எளிதாகக் கடக்க முடிவதில்லை. பக்கத்தில் இருப்பது ஒரு பெட்டி மட்டுமே. எச்டிஎம்எல் மொழியில் அதற்கு ‘வீடியோ’ என்று பெயர். அந்தப் பெட்டியில் எதைக் காட்டவேண்டும் என்பதைச் சொல்ல ‘சோர்ஸ்’, அதாவது மூலம், என்கிற இன்னோர் உறுப்பு உண்டு. இரண்டையும் பிணைப்பது ஒரு வரி முகவரி. அந்த வரி அறுந்தால் பெட்டி காலி.

இந்த எளிய ஏற்பாட்டிற்கு வந்துசேர உலகம் பல ஆண்டுகள் சச்சரவிட்டிருக்கிறது. முன்பு காணொளி பார்க்க ஃப்ளாஷ் போன்ற செருகுநிரலைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. வீடியோ என்ற உறுப்பை 2007-ல் ஓபரா நிறுவனம் முன்மொழிந்தது. உறுப்பு வேண்டும் என்பதில் பெரிய பிணக்கில்லை. அதில் எந்த வடிவக் கோப்பு ஓடவேண்டும் என்பதில்தான் பிணக்கு. கட்டற்ற தியோரா வடிவத்தைப் பரிந்துரைத்த வரி, எதிர்ப்புகளுக்குப் பின் அதே ஆண்டு டிசம்பரில் வரைவிலிருந்து நீக்கப்பட்டது. எச்.264 தரமானது; ஆனால் காப்புரிமைகளுக்கு உட்பட்டது. 2010-ல் கூகுள் வெப்எம் வடிவத்தை வெளியிட்டது. கடைசிவரை உடன்பாடு வரவில்லை. 2014 அக்டோபரில் எச்டிஎம்எல் 5 முறையான பரிந்துரையானபோது, அதில் கட்டாய வடிவம் என்று எதுவும் குறிப்பிடப்படவில்லை.

அந்தப் பிணக்கின் தழும்பை இன்றும் காணலாம். ஒரே பெட்டிக்குள் இரண்டு மூன்று மூலங்களை வரிசையாக எழுதிவைக்கலாம். உலாவி மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, தன்னால் இயக்கமுடிகிற முதல் மூலத்தை எடுத்துக்கொள்ளும். எதுவும் கிடைக்காவிட்டால்? ‘காணொளியைக் காட்ட இயலவில்லை’ என்று பெட்டிக்குள் எழுதிவைத்தாலும் பயனில்லை. வீடியோ என்ற உறுப்பையே அறியாத பழைய உலாவியில்தான் அவ்வெழுத்து தெரியும். மூலம் தொலைந்தால் பெட்டி காரணம் சொல்லாமல் மௌனமாக நிற்கும்.

அந்த மௌனத்தை நான் அறிவேன். எங்கள் ஊர் இலக்கிய வட்டத்தில் ஒரு மூத்த தமிழாசிரியர் குறுந்தொகை பற்றி ஏறத்தாழ நாற்பது நிமிடம் பேசினார். யாரோ அதைப் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றினார்கள். பின்னர் ஐயா காலமானார். சில ஆண்டுகள் கழித்து அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்து, “அப்பாவோட குரல் எங்கயாவது இருக்கா அண்ணா? பேரன் கேட்டதே இல்லை” என்றார். பக்கம் இருந்தது. ‘உரையின் காணொளி கீழே’ என்ற வரியும் இருந்தது. கீழே ஒரு சாம்பல்நிறக் கட்டம். கோப்பை வைத்திருந்த இலவசச் சேவை என்றோ மூடப்பட்டுவிட்டது. ஃப்ளாஷும் 2020 டிசம்பர் 31-ஓடு கைவிடப்பட்டது.

நல்லவேளையாக நண்பரொருவரின் பழைய குறுந்தகட்டில் மூலக்கோப்பு அகப்பட்டது. அது எஃப்எல்வி வடிவம். இன்றைய உலாவிகள் அதைத் தீண்டுவதில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டற்ற கருவியால் அதை எம்பி4 ஆக மாற்றினோம். எம்பி4 கோப்பில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்றுண்டு. அது பெரும்பாலும் கோப்பின் கடைசியில் எழுதப்பட்டுவிடும்; அப்படியிருந்தால் இணையத்தில் படம் தொடங்கத் தாமதமாகலாம். அதை முன்னால் கொண்டுவந்து வைத்தோம். பிறகு பெட்டிக்குள் ஒரே ஒரு மூலவரி. ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

இதிலிருந்து எனக்கு ஒன்று தெளிவாயிற்று. வடிவம் வழக்கொழிவது நோய், அதற்கு மருந்துண்டு. மூலம் தொலைவது மரணம். தகுதரம் எழுத்துருவில் எழுதப்பட்ட பழைய தமிழ்ப் பக்கங்கள் இன்று வெறும் கிறுக்கல்களாகத் தெரிகின்றன. ஆனாலும் பைட்டுகள் மிஞ்சியிருப்பதால் மாற்றிகளைக் கொண்டு ஒருங்குறிக்குக் கொண்டுவந்துவிட முடிகிறது. மிஞ்சியிருப்பதைத்தான் மீட்கமுடியும்.

ஆகவேதான் இன்றைய முறை என்னைச் சற்றுக் கலவரப்படுத்துகிறது. 2016 நவம்பரில் டபிள்யூ3சி அமைப்பு ‘மீடியா சோர்ஸ் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்ற நுட்பத்தைப் பரிந்துரையாக்கியது. இதில் பெட்டிக்குக் கோப்பின் முகவரி தரப்படுவதில்லை. சில நொடித் துண்டுகளாகக் காணொளியைத் தருவித்து, நிரல் அவற்றை ஒவ்வொன்றாகப் பெட்டிக்கு ஊட்டுகிறது. இணைப்பு மெதுவானால் தரம் குறைந்த துண்டு, வேகமானால் தரம் மிகுந்த துண்டு. பயணத்தில் கைப்பேசியில் பார்க்கிறவருக்கு இது பெரிய வரம்தான். ஆனால் பக்கத்தின் நிரலைத் திறந்து பார்த்தால் மூலம் இருக்கவேண்டிய இடத்தில் ‘பிளாப்’ என்று தொடங்கும் நீண்ட முகவரி ஒன்று இருக்கும். அதைப் படியெடுத்து இன்னொரு கணினியில் இட்டால் எதுவும் வராது. அந்தப் பக்கம் திறந்திருக்கும்வரைதான் அதற்குப் பொருள். மூடியதும் அது எதையும் சுட்டாத சொல்லாகிவிடுகிறது. முகவரி என்ற சொல்லுக்கு நாம் கொண்டிருந்த பொருளே மாறிவிட்டது என்று தோன்றுகிறது. இத்தகைய பக்கத்தை ஓர் ஆவணக்காப்பகம் அப்படியே படியெடுத்தால், அது சேமிப்பது பெட்டியை மட்டுமாக இருக்கவும் கூடும்.

நுட்பத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. நாம் செய்யக்கூடியது எளியது. கூட்டங்களின் பதிவுகளைப் பெரிய தளங்களில் ஏற்றுங்கள், பலர் பார்க்கட்டும். ஆனால் ஏற்றியபின் மூலக்கோப்பை அழித்துவிடாதீர்கள். இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். பேசியவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள். பெட்டியைப் பிறகு யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.